பங்குக்கு ஒரு ஒப்பந்தம், தொழில்நுட்பத்துக்கு இன்னொன்று

கேள்வி: காரைக்குடி பக்கம் நிக்கல் முலாம் பூசும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். எல்லாமே ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்கள் அனுப்பும் பொருளுக்குக் கூலிக்கு முலாம் பூசித் தருவது. ஒரு ஜப்பான் நிறுவனம் 26 சதவீதம் புதிய பங்குகள் கேட்கிறது. தொழில்நுட்பமும் தருமாம், 5 சதவீத ராயல்டிக்கு. அரசு அனுமதி வேண்டுமா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: அனுமதி வேண்டாம். உற்பத்தித் தொழிலில் வெளிநாட்டு முதலீடு 100 சதவீதம் வரை நேரடியாக வரலாம். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, அதிலிருந்து 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.சி.ஜி.பி.ஆர். படிவம் (வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிப்பது) போட வேண்டும். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்த 26-ஐ 25 ஆக்கப் பாருங்கள். கம்பெனியின் விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானம் நிறைவேற 75 சதவீத வாக்கு வேண்டும். 26 கையில் இருந்தால் அவர்களால் அதைத் தடுக்க முடியும்.

அப்புறம் தொழில்நுட்பம். நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். பங்கு வாங்கியவர் கூடவே வித்தையையும் கொடுத்துவிடுவார் என்று நம்பிவிடாதீர்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நம்மவர்கள் கடையில் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளராகி, பிறகுதான் தனிக்கடை வைத்தார்கள். முலாம் தொட்டிக் கரைசலின் பக்குவமும் அப்படித்தான், பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும். ஆகவே உங்கள் ஆட்கள் எத்தனை பேர், எத்தனை மாதம் அங்கே போய்ப் பழகுவார்கள், அவர்கள் ஆள் இங்கே எவ்வளவு நாள் தங்குவார் என்பதெல்லாம் தொழில்நுட்பத்துக்கென்று தனியாகப் போடும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வெறும் 'தொழில்நுட்ப உதவி' என்று எழுதியிருந்தால் நாலு கையேடும் ஒரு வீடியோ காலும்தான் மிஞ்சும். நீங்கள் செய்யும் மேம்பாடு உங்களுக்கே சொந்தம், காலம் முடிந்த பிறகும் அந்த முறையைத் தொடரலாம், ரசாயனத்தை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை: இந்த மூன்றையும் விடாதீர்கள். டிவிஎஸ் 2001-ல் ஜப்பான் கூட்டாளி சுசுகியைப் பிரிந்தபோது தள்ளாடாமல் விக்டர் பைக்கை இறக்க முடிந்ததற்குக் காரணம், சொந்தமாக வண்டி வடிவமைக்கும் ஆட்களை வைத்திருந்ததுதான்.

5 சதவீதம் அநியாயமில்லை. 2009 வரை உள்நாட்டு விற்பனைக்கு, தனி அனுமதி இல்லாமல் தர அரசே வைத்திருந்த உச்சவரம்பு அது. இப்போது வரம்பு கிடையாது. எதன் மேல் 5 என்பதுதான் கேள்வி. உங்கள் முலாம் கூலியின் மேல் மட்டும் என்று எழுதுங்கள், பொருளின் மதிப்பின் மேல் அல்ல. ராயல்டி அனுப்பும்போது பிடிக்க வேண்டிய வரி நம் சட்டப்படி 20 சதவீதமும் அதற்கு மேல் கூடுதல் வரிகளும். ஜப்பானோடு உள்ள வரி ஒப்பந்தப்படி 10தான். அதற்கு அவர்களின் வரி வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். 'வரி போக நிகரம்', அதாவது வரி பிடிக்காமல் முழு 5-ம் தங்கள் கைக்கு வர வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வரியும் உங்கள் தலையில் விழும். அடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்த சிக்ரி மின்வேதியியலுக்கென்றே இருக்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனம். முலாம் பூச்சு அவர்கள் நெடுநாளாக ஆராயும் விஷயம். அங்கே உரிமம் பெறக்கூடிய முறை இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு, பிறகு ஜப்பான்காரரோடு பேரத்துக்கு உட்காருங்கள்.