கொழுந்தனார் போனுக்கு யார் கட்டுவது?

கேள்வி: மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். இணையம், டிவி, நான்கு போன் லைன் எல்லாம் ஒரே பில்லில் மாதம் 478 வெள்ளி (ரிங்கிட்). இன்னொரு கம்பெனி ஏஜெண்ட் இதையே 429 வெள்ளிக்குத் தருகிறேன், 55 அங்குல டிவி இலவசம் என்கிறார். இரண்டு வருட ஒப்பந்தம். மாறலாமா? கடன் அட்டையில் வேறு பாக்கி ஏறுகிறது. இரண்டு லைனும் (சேர்த்து மாதம் 80 வெள்ளி) ஒரு போன் தவணையும் (மாதம் 119, இன்னும் 14 மாதம்) கொழுந்தனாருக்காக என் பெயரில் எடுத்தவை. ஐந்து மாதமாக அவர் பணம் தரவில்லை, கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

பதில்: மாற வேண்டாம் சகோதரி, இப்போதைக்கு.

டெலிபோன் கம்பெனி டிஎம் 2010இல் யூனிஃபை இணையத்தைக் கொண்டுவந்தது, இப்போது டிவி சேவையும் விற்கிறது. 1996இல் டிஷ் வைத்துத் தொடங்கிய அஸ்ட்ரோ இணையமும் விற்கிறது. எல்லாவற்றையும் ஒரே பில்லில் கட்டிப்போட்டால் வாடிக்கையாளர் நகர மாட்டார் என்பதுதான் இவர்களுடைய போட்டியின் கணக்கு. அந்த 'இலவச' டிவியின் விலையும் உங்கள் 24 பில்லுக்குள் எங்கேயோ இருக்கும்.

மாறினால் மிச்சம் மாதம் 49 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு 1,176. ஆனால் போன் தவணை இன்னும் 14 மாதம் இருக்கிறது. ஒப்பந்தத்தை முறித்தால் மாதம் 119 வீதம் 1,666 வெள்ளியை மொத்தமாகக் கேட்கக்கூடும். அப்படியானால் மிச்சம் அங்கேயே போச்சு. வீட்டு இணையத்தை முறிக்கும் கட்டணம் தனி.

உங்களைக் கடிப்பது கம்பெனி அல்ல, கொழுந்தனாரின் மாதம் 199 வெள்ளி. இரண்டு லைனுக்கும் சேர்த்து 80, தவணைக்கு 119. ஐந்து மாதத்தில் 995. அதை வருடத்துக்கு 18 விழுக்காடு வரை வட்டி போடும் கடன் அட்டையில் சுமக்கிறீர்கள். அவர் கட்டாவிட்டாலும் பில் உங்கள் பெயரில்தான். பாக்கி நின்றால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் சீடோஸ் (CTOS) அறிக்கையில் ஏறலாம், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதையும் பார்க்கும். கேட்கச் சங்கடமா? வாங்கிக்கொண்டவருக்கு அந்தச் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லையே.

பேச்சை உங்கள் கணவரே தொடங்கட்டும், அவர் தம்பிதானே. இந்தச் சனிக்கிழமை மைகார்டு அடையாள அட்டையோடு கொழுந்தனாரைக் கம்பெனிக் கடைக்கு அழைத்துப் போய், இரண்டு லைனையும் அவர் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். நம்பர் மாறாது. தவணை நடக்கும் லைனை மாற்ற முடியாது என்றால், 119 வெள்ளி மாதாமாதம் அவர் கணக்கிலிருந்து உங்களுக்குத் தானாக வரும்படி அங்கேயே போனில் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் இரண்டு லைனையும் இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு இறக்குங்கள்.

அப்புறம், வீட்டு ஒப்பந்தம் முடியும் தேதியைக் கடையிலேயே கேட்டு வாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அந்த ஏஜெண்டைக் கூப்பிடலாம், இரண்டு லைனுக்கு மட்டும் விலை கேட்டு.