வாசகர் கேள்வி – பதில்: துள்ளும் கெண்டை, சீறும் டிராகன்

கேள்வி: போகிமான் என்ற வீடியோ விளையாட்டில் எதற்கும் உதவாத மேஜிகார்ப் என்ற மீன், 20ஆம் நிலையை எட்டியதும் கியாரடோஸ் என்ற பிரம்மாண்டமான உருவமாக மாறிவிடுகிறது. இது மனம்போன கற்பனையா, புராணப் பின்னணி ஏதும் உண்டா?

பதில்: பின்னணி உண்டு. மஞ்சள் ஆற்றில் லோங்மென், அதாவது டிராகன் வாசல் என்ற இடத்தில், நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவரும் கெண்டை மீன்களில் எது அங்குள்ள நீர்வீழ்ச்சியைத் தாவிக் கடக்கிறதோ அது டிராகனாகிவிடும் என்பது சீனத் தொன்மம். அரசுத் தேர்வில் தேறி உயர்பதவி அடைந்தவரை அங்கே இந்த மீனுக்கு ஒப்பிட்டார்கள். ஜப்பானிலும் கதை வேரூன்றியது. மே 5ஆம் நாள் குழந்தைகள் தினத்தையொட்டி அங்கே வீடுகளில் கெண்டை வடிவக் கொடிகளைப் பறக்கவிடுவது இதனால்தான். ஆகவே 1996இல் முதல் போகிமான் விளையாட்டுகள் ஜப்பானில் வெளிவந்தபோது, அந்நாட்டுச் சிறுவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய புதிராக இருந்திருக்காது.

நம்மைப் போன்றோருக்குப் புதிரானதில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. மேஜிகார்ப் தொடக்கத்தில் அறிந்திருக்கும் ஒரே வித்தையின் ஜப்பானியப் பெயர் 'ஹனேரு'. துள்ளுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது தண்ணீரைச் சிதறடிப்பதாக மாறியதால், வாசலைத் தாண்டத் துள்ளும் மீன் வெறுமனே நீரில் அளைகிற மீனாகிவிட்டது. பின்னாளில் புவியீர்ப்பைக் கூட்டும் வித்தை ஒன்று விளையாட்டில் சேர்ந்தபோது, அது செயலில் இருக்கும்வரை 'ஹனேரு'வைப் பயன்படுத்த முடியாது என்று விதித்தார்கள். அது துள்ளல்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மீனின் ஜப்பானியப் பெயரான கோய்கிங் என்பதிலும் கெண்டையைக் குறிக்கும் 'கோய்' இருக்கிறது. 'கிங்' என்ற பின்பாதிக்கு ஏற்ப, முதுகில் மஞ்சள் துடுப்பு மகுடம்போல் நிமிர்ந்து நிற்கிறது.

கேள்வி: உருவத்தில் உண்மையான மீனின் சாயல் எவ்வளவு?

பதில்: மேஜிகார்ப், கியாரடோஸ் படங்களை அருகருகே வைத்து வாயோரத்தைப் பாருங்கள். சாதாக் கெண்டையின் மேலுதட்டில் இரண்டு இணை மீசைகள் உண்டு. கலங்கிய நீரின் அடியில் இரையைத் தடவியறிய அவை பயன்படுகின்றன. சீன ஓவியங்களின் டிராகனுக்கும் நீண்ட மீசை உண்டு. மேஜிகார்ப்பின் மீசை கியாரடோஸிடமும் தொடர்வதால், மீன் மறைந்த பின்னும் அதன் முகம் மறையவில்லை. அகலத் திறந்த வாயும் அப்படியே. மீசையைக் கலைஞர்கள் எவ்வளவு கருத்தாகக் கவனித்தார்கள் என்றால், 2006இல் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்ட நேர்ந்தபோது அதன் நிறத்தையே மாற்றினார்கள். மேஜிகார்ப்பின் செந்நிறத்துக்கு ஜப்பானில் வண்ணத்துக்காகவே வளர்க்கப்பட்ட கோய் மீன்களைச் சொல்லலாம். காட்டுக் கெண்டை மங்கலான பழுப்பு நிறம்தான். செதில்களுக்கும் கதை உண்டு: கெண்டைக்கு ஆறாறு முப்பத்தாறு, டிராகனுக்கு ஒன்பதொன்பது எண்பத்தொன்று என்பது பழைய கணக்கு.

கேள்வி: இது நமது மகரத்தின் மறுவடிவம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: இல்லை. மகரம் ஒரே உடலில் பல விலங்குகளை இணைத்த கலப்புரு. ஒன்றிலிருந்து மற்றொன்றாக அது மாறுவதில்லை. கியாரடோஸுக்கு உயிரே அந்த மாற்றம்தான்.

கேள்வி: விளையாட்டில் ஒவ்வொரு போகிமானுக்கும் நீர், பறத்தல், டிராகன் என்று வகை உண்டு. கியாரடோஸ் டிராகன் என்றால் ஏன் டிராகன் வகையில் சேர்க்கவில்லை? இறக்கையே இல்லாததற்கு நீர், பறத்தல் என்று வகை கொடுத்திருக்கிறார்களே?

பதில்: சீன டிராகனுக்கும் இறக்கை கிடையாது, ஆயினும் அது மேகங்களிடையே பறந்து மழையை ஆள்கிறது. அந்த மரபை ஏற்றால் நீரும் பறத்தலும் பொருத்தமான இணைதான். (இத்தனைக்கும் பறந்து ஊர்விட்டு ஊர் செல்லும் வித்தையைக் கியாரடோஸுக்குக் கற்பிக்க முடியாது என்பது வேடிக்கை.) நகரங்களை எரித்தழிக்கும் கியாரடோஸின் மூர்க்கம் மட்டும் மழை தரும் டிராகனோடு ஒட்டவில்லை, அது விளையாட்டுக்காகச் சேர்த்த காரம் என்பதே நமது கருத்து. டிராகன் வகையை முதல் விளையாட்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் ஒரே ஒரு போகிமான் குடும்பத்துக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் 1999இல் முட்டையிட்டுப் பெருகும் முறை அறிமுகமானபோது கியாரடோஸை மட்டுமல்லாமல், தொடக்கத்தில் துள்ளுவதைத் தவிர வேறெதுவும் அறியாத மேஜிகார்ப்பையும் இனப்பெருக்கத்துக்கான டிராகன் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.