வீட்டில் வரும் கணக்கு தேர்வறையில் ஏன் வருவதில்லை?

"விடையைப் பார்த்தால் புரிகிறது, தேர்வில் தலை வெறுமையாகிவிடுகிறது. எனக்குக் கணக்கே வராதா?" என்று முதலாண்டு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்.

நிச்சயம் வரும், தம்பி. கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களை மனம் சற்று நேரம் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்கான இடம் சிறியது. பயம் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. 2001இல் உளவியல் ஆய்வாளர்கள் ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: மீதி வைத்துக் கூட்டும் கணக்குகளில்தான் பயந்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஆகவே இடைப்படிகளை மனதில் வைக்காமல் தாளில் எழுதுங்கள், கூட்டல், கழித்தல் குறி மாறும் இடத்தைக் கட்டாயமாக.

ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் "பார்த்தால் புரிகிறது" என்பதில் இருக்கிறது. படித்துப் புரிவது வேறு, வெற்றுத்தாளில் போடுவது வேறு. தீர்வை மூடிவைத்துத் தொடங்குங்கள். சிக்கினால் ஒரு வரி மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் அதே கணக்கை எதையும் பார்க்காமல் போடுங்கள்.

விடையைச் சரிபார்க்கும் வழியும் கையில் இருக்கட்டும். முதல் வரிசை 2, 1; இரண்டாம் வரிசை 1, 2 என்ற அணிக்கு (எண்களை அடுக்கிய கட்டத்துக்கு) ஐகன் மதிப்புகள், அதாவது அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்கள், 3, 1 என்று வந்ததா? அவற்றைக் கூட்டினால் 4, அணியின் மூலைவிட்டக் கூடுதலும் (2 + 2) 4. பெருக்கினால் 3, அணிக்கோவையும் (2×2 − 1×1) 3. இரண்டும் பொருந்தின. பத்து வினாடியில் சரிபார்த்துவிடலாம், நெஞ்சு படபடப்பும் அடங்கும்.

தேர்வன்று, உள்ளே போகுமுன் 10 நிமிடம் உங்கள் பயத்தை அப்படியே எழுதிப் பாருங்கள். 2011இல் உளவியல் ஆய்வாளர்கள் ரமிரெஸ், பைலாக் வெளியிட்ட சோதனைகளில் இது மதிப்பெண்ணை உயர்த்தியது. வினாத்தாளில் நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுதுங்கள்.