பனியில்லாத ஊரில் ஸ்கீ வீரனைச் சோதித்த கதை

நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓடுகிறவர்களின் உடற்தகுதியை எப்படி அளக்கிறார்கள், பனியே இல்லாத நம்ம பக்கத்தில் அதைச் செய்து பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்குப் பதில் எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி என் மருமகன்தான். அக்காவின் மகன், நோர்வேயில் பிறந்தவன், 17 வயது, பாடசாலை அணியில் ஸ்கீ ஓடுகிறான். போன ஜூலை லீவுக்குக் கல்லடிக்கு வந்தபோது ஒரு சோடி ரோலர் ஸ்கீயும் (வீதியில் ஓடச் சில்லுப் பூட்டிய ஸ்கீ), லீவிலேயே செய்து அனுப்பு என்று கோச் கொடுத்துவிட்ட சோதனைத் தாள் ஒன்றும் பெட்டிக்குள் இருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் 5000 மீற்றர் ஓடியவன், ஸ்டொப் வோச்சும் வைத்திருக்கிறேன், ஆகவே நான்தான் பரீட்சகர்.

முதலில் அவர்கள் ஆய்வுகூடத்தில் செய்வதைச் சொல்கிறேன். பெரிய ஓடுபட்டை (ட்ரெட்மில்) ஒன்றில் ரோலர் ஸ்கீயோடு ஏற்றி, விழுந்தால் பிடிக்க இடுப்பில் பட்டி கட்டி, முகத்தில் மூடியைப் போட்டு, ஆள் இனி முடியாது என்னும்வரை வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போவார்கள். உள்ளே போன காற்றுக்கும் வெளியே வந்த காற்றுக்கும் இடையில் எவ்வளவு ஒக்சிசன் குறைந்தது என்பதுதான் கணக்கு, அதன் உச்ச அளவுக்குப் பெயர் வி.ஓ.2 மக்ஸ். சாதாரண இளைஞனுக்கு ஒரு நிமிடத்துக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40, 45 மில்லிலீற்றர் வரும். உலகத்தரமான ஆண் ஸ்கீ வீரர்களுக்கு 80ஐத் தாண்டும். ஒலிம்பிக்கில் 8 தங்கம் எடுத்த நோர்வேயின் பியோன் டேலிக்கு 96 வந்ததாகச் சொல்வார்கள். 70 கிலோ ஆளுக்கு 85 என்றால் நிமிடத்துக்கு ஆறு லீற்றர் ஒக்சிசன், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று இரத்தத்தில் லக்டேற் அளவு, அதாவது தசை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் சேருகிற பொருள். சில நிமிடம் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி, விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, அடுத்த வேகத்துக்கு ஏற்றுவார்கள். எந்த வேகத்தில் அந்த அளவு சட்டென்று எகிறத் தொடங்குகிறதோ, அதற்குச் சற்றுக் கீழேதான் ஆள் நெடுநேரம் தாக்குப்பிடிப்பான். என்னைக் கேட்டால் 96, 90 என்று பெருமையடிக்கிற இலக்கத்தைவிட இதுதான் உருப்படியான சோதனை. ஒரே வி.ஓ.2 மக்ஸ் உள்ள இரண்டு பேரில் நுட்பம் சரியானவன் குறைந்த ஒக்சிசனில் அதே வேகத்தில் போவான், மற்றவன் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வருவான். அதோடு அந்த இலக்கம் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு, உடம்பை மெலியவைத்தாலே கூடிவிடும். அதை நம்பிப் பட்டினி கிடக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அது பெரிய கேடு.

சரி, நம்ம ஊர்ச் சோதனைக்கு வருவோம். தாளில் முதலாவது 3000 மீற்றர் ஓட்டம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம் சுற்றி 300 மீற்றர், பத்துச் சுற்று. பெரிய மடையன் மாதிரி பின்னேரம் நாலரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கச்சான் காற்று அடுப்பு வாயைத் திறந்துவிட்டது மாதிரி வீசுகிறது. அங்கே 9 நிமிடம் 40 செக்கனில் ஓடுகிறவன் இங்கே 10:25. ஓடி முடித்து ஐந்து நிமிடமாகியும் நாடி இறங்கவில்லை. புல்லில் குந்திக்கொண்டு, "மாமா, நான் பழுதாப் போனேன்" என்று அழாக்குறை. பழுதொன்றுமில்லை. வெக்கையில் உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பித் தன்னைக் குளிர்த்தப் பார்க்கும், வியர்வையில் நீரும் போகும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிற இரத்தம் குறையும், அதை ஈடுசெய்ய இதயம் கூடுதலாக அடிக்கும். மூன்று நாள் கழித்து விடியற்காலை ஐந்தரைக்கு அதே மைதானத்தில், அதே சப்பாத்தோடு 9:52 ஓடினான். பின்னேரத்து 10:25ஐத் தாளில் எழுதவே இல்லை.

அடுத்தது கோல் போஸ்ட்டில் தொங்கி புல்-அப், ஒரு நிமிடத்தில் எத்தனை என்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே செய்தான்.

மூன்றாவதுதான் கூத்து. ரோலர் ஸ்கீயில் நின்று, கால் அசைக்காமல், கையில் பிடித்த இரண்டு ஸ்கீக் கோல்களாலும் ஒன்றாக ஊன்றித் தள்ளியே 1000 மீற்றர் போகவேண்டும். கடற்கரைப் பக்கத்தில் நேரான கொங்கிரீட் வீதி ஒன்றை மோட்டார் சைக்கிளில் அளந்து வைத்தேன். கோல் முனை வீதியில் டக் டக்கென்று குத்த, அந்தப் பக்கத்து நாய் எல்லாம் பின்னால். ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "தம்பிக்குக் கால் முறிஞ்சதா, ஏத்திக்கொண்டு போகவா?" என்று கேட்டார். நல்ல மனுசன். நேரம்தான் பாழ், திரும்ப முதலில் இருந்து.

இந்தத் தள்ளலில்தான் பையன் பலவீனம் என்று கோச்சும் எழுதியிருந்தாராம். பிழை எங்கே என்று பிடித்தவர் வாவியில் மீன்பிடிக்கிற எங்கள் அயல்வீட்டு அப்பா, வயது அறுபதுக்கு மேல். ஆழமில்லாத இடத்தில் கம்பு ஊன்றித் தோணி தள்ளுகிறவர். பையனை ஏற்றிக் கம்பைக் கொடுத்தார், இருபது தள்ளலில் இவனுக்குத் தோள் எரிகிறது, தோணி பக்கவாட்டில் போகிறது. அவர் சிரித்துவிட்டு, "கையால தள்ளாத மனே, வயித்தால தள்ளு" என்று வாங்கிச் செய்து காட்டினார். கம்பைக் கிட்ட ஊன்றி, இடுப்பை மடித்து, மேலுடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார், கை கடைசியில்தான் நீண்டது. பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான், கோச் காட்டுகிற வீடியோவிலும் இதுதான் இருக்கிறதாம்.

நீங்களே செய்து பார்க்க வேண்டுமானால் ஓடுபட்டை, முகமூடி எல்லாம் வேண்டாம். 1968இல் அமெரிக்க டொக்டர் கென்னத் கூப்பர் சொன்ன 12 நிமிட ஓட்டம் போதும். எத்தனை மீற்றர் ஓடினீர்களோ அதில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் பிரித்தால் வி.ஓ.2 மக்ஸ் கிட்டத்தட்ட வரும், 2400 மீற்றருக்கு 42 அளவில். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கால், அதே மைதானம், அதே விடியற்காலை. கைக்கு, சைக்கிள் ரியூப்பை மரத்தில் கட்டி இழுத்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணலாம், ரியூப்பை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது. நெஞ்சு நோவு, தலைசுற்று உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் உச்ச வேகத்துக்குப் போகவேண்டாம்.

பனியில்லாத நாட்டவன் இதில் இறங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொங்கா நாட்டின் பீட்டா டௌஃபாடோஃபுவா பெரும்பாலும் ரோலர் ஸ்கீயில் பழகி 2018 ஒலிம்பிக்கில் 15 கிலோமீற்றர் ஓடி 114ஆவதாக வந்தார், கடைசி அல்ல. நீங்களும் இங்கே ரோலர் ஸ்கீ பழகப் போகிறீர்கள் என்றால் ஆறு மணிக்கு முன்னம் போங்கள், நாய்க்கு பிஸ்கட் கொண்டுபோங்கள்.