பெயர் மாறிய மென்பொருள், மாறாத கையேடு

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் நெட்வொர்க் லேப் கையேடு ரொம்பப் பழசு. அதில் எல்லா இடத்திலும் எதீரியல் என்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் இருப்பதோ வயர்ஷார்க். ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு ஒரேயடியாக மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு பயிற்சிகள் ஓடவில்லை என்கிறார்கள் மாணவர்கள். எங்கே தப்பு?
- லேப் உதவியாளர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் ஒரே மென்பொருள்தான், நெட்வொர்க்கில் போகிற பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துணுக்குகளை, பிடித்துக் காட்டுவது. 1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வெளியிட்டது. 2006-இல் அவர் வேலை மாறியபோது, கட்டற்ற மென்பொருள் என்பதால் நிரலைக் கூடவே கொண்டுபோக முடிந்தது, ஆனால் எதீரியல் என்ற வணிகப்பெயர் பழைய நிறுவனத்திடமே இருந்துவிட்டதால் புதுப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். டெர்மினலில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்கிற திரையில், ஓடும் வடிவத்துக்கு அன்று டீ-எதீரியல் என்று பெயர், இன்று அது டீ-ஷார்க். உங்கள் ரீப்ளேஸ் அதை டீ-வயர்ஷார்க் ஆக்கியிருக்கும், அப்படி ஒரு கட்டளையே கிடையாது! இன்னொரு பயிற்சி அநேகமாக மாதிரி பாக்கெட் கோப்பைத் திறக்கும் இடத்தில் நின்றிருக்கும். கையேட்டில் கோப்பின் பெயர் மாறிவிட்டது, டிஸ்க்கில் அது பழைய பெயரோடுதானே இருக்கிறது? ஒன்று கோப்பின் பெயரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் கையேட்டில் பழையபடியே விடுங்கள். இதனோடு கூடவே வரும் எடிட்கேப், மெர்ஜ்கேப் மாதிரிக் கருவிகளுக்குப் பெயர் மாறவே இல்லை.

அதனால் பழைய கையேட்டின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். மாணவர் படிக்கிற விளக்கம் என்றால் தயங்காமல் மாற்றலாம். அவர் தட்டச்சு செய்ய வேண்டிய வரி என்றால் லேப் கம்ப்யூட்டரில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான். பழைய புத்தகத் தலைப்பு, 2006-க்கு முந்தைய பாதுகாப்பு எச்சரிக்கை போன்றவற்றில் கை வைக்கவே வேண்டாம், அவை அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும், மாற்றினால் பின்னால் தேடி வருகிற மாணவருக்கு வழி அடைபட்டுப்போகும். இந்த மென்பொருளை உருவாக்குகிறவர்களே நிரலுக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிடவில்லை. பாக்கெட்டுகளை அலசும் 'ஈபேன்' (epan) என்ற பகுதியின் பெயரில் முதல் எழுத்து எதீரியலைக் (Ethereal) குறித்தது, பெயர் மாறியபோது எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மட்டும் மாற்றினார்கள்.

கையேட்டின் முதல் பக்கத்தில் 'வயர்ஷார்க் (2006 வரை எதீரியல்)' என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

அப்புறம், ஸ்கிரீன்ஷாட்கள். படத்துக்குள் இருக்கும் பழைய பெயரை ஃபைண்ட்-ரீப்ளேஸ் தொடாது, மெனுவும் இப்போது நிறைய மாறிவிட்டது, அவற்றைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.