ஒரே பைப்புல எத்தனை சர்க்கிட்?

கேள்வி: வணக்கம் அண்ணே. பழைய வீட்டுக்குப் பின்னாடி புதுசா ரெண்டு ரூமும் பாத்ரூமும் கட்டி அங்க தனியா ஒரு டிபி போர்ட் (பிரேக்கரெல்லாம் இருக்குற பெட்டி) போட்டாச்சு. முன் போர்ட்டுல இருந்து அதுக்கு 25 மில்லி பிவிசி பைப் ஒண்ணு தான் போகுது, 20 மீட்டர் இருக்கும். லைட், ப்ளக், ஹொட் வோட்டர், குசினி ப்ளக்னு நாலு சர்க்கிட்டையும் 7/0.67 வயர்ல அதுக்குள்ளயே இழுத்துடலாம், டிவி வயரும் சேர்த்துப் போகும்னு வயரிங் பாஸ் சொல்றாரு. மச்சான் வேணாம், உருகிடும்ங்கிறான். யார் சொல்றது சரி?
வாசகர், கொட்டகலை

பதில்: உங்க பாஸ் சொல்ற மாதிரி வயரெல்லாம் உள்ள புகுந்துடும் தம்பி, அதுல சந்தேகமில்ல, ஆனா புகுறது வேற தாங்குறது வேற. 7/0.67ங்கிறது 0.67 மில்லிக் கம்பி ஏழு சேர்ந்த வயர், மொத்தம் 2.5 சதுர மில்லி, செவத்துல அடிச்ச பைப்புக்குள்ள அது மட்டும் தனியாப் போனா 24 அம்பியர் வரைக்கும் தாங்கும். பக்கத்துலயே இன்னும் மூணு சர்க்கிட் சூடாகிட்டுக் கெடந்தா வெப்பம் வெளிய போக வழியில்லாம அந்தக் கணக்கை 0.65ஆல பெருக்கணும், அதாவது 15.6 அம்பியர் தான். அதுல 20 அம்பியர் பிரேக்கரை மாட்டினா வயரு வெந்துக்கிட்டு இருக்கும், பிரேக்கர் சும்மா பாத்துக்கிட்டு நிக்கும். மச்சான் பயப்படுறது இதுக்குத்தான், நியாயமான பயம். ஆனா எல்லா வயரையும் ஒரே மாதிரி எண்ணவும் கூடாது, எல்ஈடி பல்ப் நாலஞ்சு எரியுற லைட் சர்க்கிட் சூடே ஆகாது, அதைக் கணக்குல சேர்க்கத் தேவையில்ல, மிச்ச மூணுக்கு 0.7 போட்டா 16.8 வரும், 16 அம்பியர் பிரேக்கர் சரி. உங்க ஹொட் வோட்டர் 3.5 கிலோவாட்னா அது மட்டுமே 15 அம்பியர் இழுக்கும், அப்ப பாருங்க எவ்வளவு ஒட்டி நிக்குதுன்னு.

நம்ம பக்கம் தான் குளிராச்சேன்னு கேப்பீங்க. இந்தக் கணக்கெல்லாம் 30 பாகைக்குப் போட்டது, 20 பாகையில வேணும்னா பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடத் தாங்கும், நாலு சர்க்கிட்டைக் கூட்டி வச்சதுல போறது 35 சதவீதம். குளிரு காப்பாத்தாது.

எனக்கு இதுல வேற ஒரு கேள்வி தான் வருது. பின்னாடி போர்ட் இருக்குறப்ப நாலு சர்க்கிட்டை எதுக்கு முன்னாடி இருந்தே இழுக்கணும்? 7/1.04, அதாவது 6 சதுர மில்லியில லைவ், நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த்னு மூணே வயர் இழுத்து முன்னாடி 32 அம்பியர் பிரேக்கர் போட்டுட்டுப் பின் போர்ட்டுல நாலாப் பிரிச்சுக்கங்க. பைப்புல ஒரே சர்க்கிட், 41 அம்பியர் தாங்கும், 20 மீட்டருக்கு 30 அம்பியர் ஓடினாலும் நாலரை வோல்ட் கூடக் குறையாது. மின்சார சபை வீட்டுக்குப் பொதுவா குடுக்குறதே சிங்கிள் பேஸ் 30 அம்பியர் தானே, அதுக்கு மேல எங்க இழுக்கப் போறீங்க. கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டி விடுற ட்ரிப் சுவிச் மட்டும் யோசிச்சுப் போடணும். முன் வீட்டோட 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வர்ற லைன்ல இருந்து எடுத்தா, ஹீட்டர் ஈரமான அன்னைக்கு முன் வீடும் சேர்ந்து இருட்டாயிடும். பின் லைனுக்கு மட்டும் முன்னாடி 100 மில்லிஅம்பியர்ல தாமதிச்சு விழுற ரகம் ஒண்ணு, பின் போர்ட்டுல சாதாரண 30.

டிவி, வைஃபை வயருக்கு வேற பைப். வெளிய போற பைப்பு போர்ட்டுக்குக் கீழ்ப்பக்கமா ஏறட்டும், மேல இருந்து எறங்கினா பைப்புக்குள்ள வேர்க்குற பனித்தண்ணி நேரா பிரேக்கர் மேல சொட்டும்.

கேள்வி: மேலயும் கீழயும் ரெண்டு போர்ட், தனித்தனி ட்ரிப் சுவிச். படிக்கட்டு லைட்டைப் போட்டா மட்டும் மேல ட்ரிப் ஆகுது. பல்ப், சுவிச் எல்லாம் மாத்தியாச்சு.
வாசகி, பண்டாரவளை

பதில்: பல்ப்ல தப்பில்லக்கா. லைவை மேல் போர்ட்டுல எடுத்துட்டு நியூட்ரலைக் கிட்டக் கெடந்த கீழ் சர்க்கிட்டுல மாட்டியிருப்பாங்க, மேலயும் கீழயும் ரெண்டு இடத்துல இருந்து போட்டு அணைக்குற டூவே சுவிச் வயரிங்ல அடிக்கடி நடக்குறது தான், ரெண்டு போர்ட் வயரும் ஒரே பைப்புல போனா இன்னும் லேசா நடக்கும். ட்ரிப் சுவிச் போன கரண்டும் வந்த கரண்டும் ஒண்ணான்னு தான் பாக்கும், போனது திரும்பலன்னா விழுந்துடும். அது விழுறது நல்லதுக்கு, விழுதேன்னு கழட்டிட்டு நேரா குடுத்துடாதீங்க, கீழ பிரேக்கரை அணைச்சுட்டு வேலை பாக்குறவர் அந்த நியூட்ரலைக் கழட்டினா அடிச்சுடும். பாஸைக் கூப்பிட்டு நியூட்ரலை மேல் போர்ட்டுக்கே கொண்டு போகச் சொல்லுங்க, போர்ட்டுக்குள்ள ஒவ்வொரு நியூட்ரலுக்கும் அதோட பிரேக்கர் நம்பரை எழுதி ஒட்டவும் சொல்லுங்க.

கேள்வி: ஒரே பைப்புல மூணு சர்க்கிட் போனா எர்த்தும் மூணு வேணுமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: வேணாம், ஒண்ணு போதும், ஆனா இருக்குறதுலயே பெரிய சர்க்கிட்டுக்கு எது வேணுமோ அந்த சைஸ்ல. நியூட்ரலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு சர்க்கிட்டுக்கும் தனித்தனி தான்.