'இணைக்கப்பட்ட' என்றால் எங்கே?

அன்புள்ள ஐயா,

அதிர்கிற வீடியோ கேம் கன்ட்ரோலர் பற்றிய ஒரு அமெரிக்கக் காப்புரிமை வழக்கைப் படித்தேன். 'இணைக்கப்பட்ட' என்ற ஒரு சொல்லுக்காக மேல்முறையீடு வரை போயிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் தீராதா? இதற்கு நீதிபதிகள் எதற்கு?

– மென்பொருள் துறை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது தார்னர் எதிர் சோனி வழக்கு. அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. காப்புரிமையில், எது தன்னுடையது என்று கண்டுபிடிப்பாளர் கோரும் 'கோரிக்கை'ப் பகுதி நிலப் பத்திரத்தில் வரும் நான்கெல்லை மாதிரி. ஒரு சொல்லின் பொருள் சற்று நகர்ந்தாலும் எதிராளியின் கருவி எல்லைக்குள் வரும், அல்லது வெளியே போய்விடும்.

கண்டுபிடிப்பாளர் தார்னரின் கோரிக்கை, வளையக்கூடிய 'பேட்' (pad) ஒன்றையும் 'அதோடு இணைக்கப்பட்ட' அதிர்வுக் கருவிகளையும் சொல்கிறது. சோனி கன்ட்ரோலரில் மோட்டார்கள் உறைக்குள்ளே இருக்கின்றன. 'இணைக்கப்பட்ட' என்றால் வெளிப்பரப்பில் மட்டும்தான் என்றது கீழ் நீதிமன்றம். விளக்கப் பகுதியில், உள்ளே இருப்பவற்றுக்குப் 'பதிக்கப்பட்ட' என்று வேறு சொல் வருகிறதே என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே விளக்கத்தில் 'வெளிப்பரப்பில் இணைக்கப்பட்ட' என்றும் எழுதியிருக்கிறார்கள். 'இணைக்கப்பட்ட' என்பதிலேயே வெளிப்பரப்பு அடங்கிவிட்டால், அதைத் தனியாக ஏன் எழுத வேண்டும்? மேல்முறையீட்டில் நீதிபதிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். சொல்லின் பொருளைக் குறுக்க வேண்டுமென்றால், எழுதியவர் தனி வரையறை தந்திருக்க வேண்டும், அல்லது ஒரு பொருளைத் தெளிவாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தத் துறையில் வழங்குகிற முழுப் பொருளும் சொல்லுக்கு உண்டு. காட்டிய உதாரணங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது மட்டும் போதாது. வழக்கு மறுபடியும் கீழ் நீதிமன்றத்துக்குப் போனது.

சரி, அகராதி? அதையும் பார்க்கலாம். ஆனால் ஆவணத்துக்குத்தான் முதலிடம் என்று 2005-ல் ஃபிலிப்ஸ் வழக்கில் இதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருளைத் தீர்மானிப்பது ஜூரியின் வேலை அல்ல, நீதிபதியின் வேலை என்பது 1996-லேயே மார்க்மன் வழக்கில் முடிவானது.

ஆவணத்தைப் படிப்பது கண்டுபிடிப்பாளருக்கு எப்போதும் சாதகமாக அமையும் என்று நினைத்துவிடாதீர்கள். கன்ட்ரோலர் காப்புரிமை ஒன்றை மீறியதற்காக நிண்டெண்டோ 2.1 கோடி டாலர் தர வேண்டும் என்று 2008-ல் டெக்சாஸ் ஜூரி ஒன்று அனாஸ்கேப் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அனாஸ்கேப் நம்பியிருந்த 1996 விண்ணப்பம், ஆறு வகை அசைவுகளையும் ஒரே உள்ளீட்டு உறுப்பால் செய்வதைத்தான் விவரித்திருந்தது. 2000-ல் அதைப் பல உறுப்புகளுக்கு விரித்தார்கள். அந்த விரிவுக்குப் பழைய தேதி பொருந்தாது என்று 2010-ல் ஃபெடரல் சர்க்யூட் சொன்னது. இடையில் சோனியின் டுயல்ஷாக் கன்ட்ரோலர் வந்துவிட்டதால், அந்தக் கோரிக்கைகள் புதியவை அல்ல என்றாகிச் செல்லாமல் போயின.